பாட்டு நின்ற பிறகு கேட்பது: கையால் கட்டிய ஐந்து ஆம்ப்ளிஃபயர்களோடு ஏழு ஆண்டுகள்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூம் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி, ஸ்பீக்கர் கூம்புக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் காதை வைப்பேன். ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியதில் பாதி அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மீதிப் பாதி தெரிய வருடங்கள் ஆகின்றன. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகளில் ஐந்து கட்டியிருக்கிறேன். டிடிஏ2030 ஐசியில் (முழு சர்க்யூட்டையும் ஒரே சில்லில் அடக்கிய பாகம்) ஒன்று. எல்எம்3886 ஐசியில் ஒன்று. தனித்தனி டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கிளாஸ் ஏபி முறையில் (அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டுக்கொள்வது) ஒன்று. ஜான் லின்ஸ்லி ஹுட் 1969 ஏப்ரலில் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ (எப்போதும் முழு மின்னோட்டம் ஓடும் முறை) சர்க்யூட்டில் ஒன்று. டிபிஏ3116 ஐசியில் கிளாஸ் டி (சுவிட்ச் போல் வேகமாகத் திறந்து மூடும் முறை) ஒன்று. எல்லாமே ஸ்டீரியோ. ஒவ்வொன்றையும் பல மாதங்கள் அன்றாடம் பாட்டுக் கேட்கப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலாவது டிடிஏ2030. ஐந்தே கால்கள், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு உதிரிபாகங்கள். சோல்டரிங் பழகியவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். என் கையில் அது இரண்டு முறை கருகியது. போலி ஐசியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் ஐசியைக் கழற்றி வைத்துவிட்டு பவர் சப்ளையை மட்டும் அளந்தேன். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், அதாவது நடு வயரின் இருபுறமும் 12 வோல்ட் தருவது; அதிலிருந்து பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளைகள். 12-ஐ 1.414-ஆல் பெருக்கி, டயோடில் இழப்பதைக் கழித்தால் ±16 வோல்ட் வரவேண்டும். மீட்டர் ±18.6 காட்டியது. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் முழுச் சுமையில் கிடைப்பது. சுமை இல்லாதபோது, அதுவும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில், அது கணிசமாக ஏறி நிற்கும். டிடிஏ2030 தாங்குவதோ ±18 வரைதான். இரண்டு முறையும் பாட்டு ஓடாத நேரத்தில்தான் ஐசி போயிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. குறைந்த வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். மூன்றாவது ஐசி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அன்று முதல் எந்த ஆம்ப்ளிஃபயரையும் பவர் சப்ளையிலிருந்துதான் தொடங்குகிறேன். சுமையில்லாமல் அளந்து குறித்துக்கொள்ளாமல் போர்டை இணைப்பதே இல்லை.

அடுத்தது எல்எம்3886. ஏழில் ஆறு ஆண்டுகள் என்னோடு இருப்பது இதுதான். ±28 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 68 வாட், 8 ஓமுக்கு 38 வாட் என்று டேட்டா ஷீட் சொல்கிறது. வீட்டு அறைக்கு அது தாராளம். கட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எட்டாவது கால் மியூட், ஒலியை அடக்கி வைப்பது. அதிலிருந்து மைனஸ் சப்ளைப் பக்கம் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்தது 0.5 மில்லி ஆம்பியர் இழுத்தால்தான் ஐசி வாய் திறக்கும். உலோக முதுகு கொண்ட வகையில் அந்த முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கிறது. இடையில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு வைக்காமல் ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகினால், எர்த் ஆன பெட்டியோடு நேரே ஷார்ட் ஆகிவிடும்.

இவை எல்லாம் சரியாகச் செய்தும், முதல் இரவு காதை வைத்தபோது ஓர் உறுமல் கேட்டது. அதைத் துரத்த மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் கற்றதை வேறு எதிலும் நான் கற்கவில்லை.

ஹம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு சாதி உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ஆழமாக, தம்பூராவின் மந்தரம் போல ஒரே சீராக முனகுவது 50 ஹெர்ட்ஸ். அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வயரில் ஏறுவதாலோ, இரண்டு கருவிகளுக்கு இடையே எர்த் வளையம் உண்டாவதாலோ வருவது. கொஞ்சம் கரகரப்பாக, வண்டு போல இரைவது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். டயோடுகள் வழியாகப் பெரிய கெபாசிட்டர்களை நிரப்பப் பாயும் மின்னோட்டம் ஒழுகும் நீரைப் போல் போவதில்லை. நொடிக்கு 100 முறை சம்மட்டி அடிபோல் போகிறது. அது போகும் வயரில், வயர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், சிறு வோல்ட் விழும். அந்த வயரையே உள்ளீட்டின் கிரவுண்டாகவும் (பூஜ்ய வோல்ட் என்று கொள்ளும் புள்ளி) பயன்படுத்தினால், அந்த அடிகளும் பாட்டோடு சேர்ந்து பெருகிவிடும்.

என்னுடையது வண்டு. உள்ளீட்டை ஷார்ட் செய்தேன், நிற்கவில்லை. டொராய்டு, அதாவது வளைய வடிவ, டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், மாறவில்லை. கடைசியில் பெட்டிக்குள் டார்ச் அடித்து, கிரவுண்ட் வயர்கள் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனேன். இரண்டு கெபாசிட்டர்களும் சேரும் தடித்த செப்புப் பட்டையில் டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் ஒரு முனையில் இருந்தது. உள்ளீட்டுக் கிரவுண்டை அதே முனையில் பற்றவைத்திருந்தேன். கெபாசிட்டர்களைத் தாண்டி, மின்னோட்டம் பாயாத இடத்தில், நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கட்டை வயரை இழுத்து, எல்லாக் கிரவுண்டையும் அதன் நுனியில் சேர்த்தேன். வயர் ஆறுவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டேன். காதை வைத்தேன். எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஓடுகிறதா என்று பார்க்க விளக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

டொராய்டு பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நடுவில் போகும் போல்ட்டின் மேல்முனை பெட்டியின் மூடியைத் தொடக்கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அதில் தன் சக்தியை எல்லாம் கொட்டும். புதிதாகக் கட்டிய எதையும் முதல் முறை இயக்கும்போது, தொடரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுவதை இன்றும் விடவில்லை. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நிம்மதி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ தவறு, உதிரிபாகங்கள் பிழைத்தன.

தனி டிரான்சிஸ்டர்களில் கட்டிய கிளாஸ் ஏபி தான் எனக்கு மிகப் பிடித்த வேலை. வெளியீட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி, எமிட்டர்களில் 0.22 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே 22 மில்லி வோல்ட் இருந்தால் 100 மில்லி ஆம்பியர் பயஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டு ஜோடியில் ஓடும் சிறு மின்னோட்டம். ஆரம்பத்தில் பயஸைக் காக்கும் டிரான்சிஸ்டரை போர்டிலேயே நிற்க வைத்துவிட்டேன். 22-ல் வைத்தது ஒரு மணி நேரத்தில் 60-ஐத் தாண்டியது. டிரான்சிஸ்டர் சூடாகும்போது அதன் பேஸ்-எமிட்டர் வோல்ட் டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறைகிறது. அதனால் மின்னோட்டம் கூடுகிறது. அது இன்னும் சூடாக்குகிறது. காவல் டிரான்சிஸ்டர் அந்தச் சூட்டை உணரவேண்டுமானால் அதே ஹீட் சிங்க்கில் உட்கார வேண்டும். நீளமான வயர் போட்டு அங்கே திருகிய பிறகு, 22 என்பது 19-க்கும் 24-க்கும் நடுவிலேயே நிற்கிறது.

மூன்றாம் ஆண்டில் இதில் ஒரு விசித்திரம் நடந்தது. பாட்டு சத்தமாக ஓடும்போது குறையே இல்லை. பியானோவில் ஒரு சுரம் அடங்கி மறையும் கடைசி நொடியில் மட்டும் ஏதோ மணல் உரசுவது போல் இருந்தது. ஸ்பீக்கர் என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றினேன். இடது பக்கம் மட்டும் அதே மணல். பயஸ் அளந்தால் பூஜ்யம். பயஸைச் சரிசெய்யும் சிறு திருகு ரெசிஸ்டரான டிரிம்மரின் தொடுமுனை துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. பயஸ் இல்லாமல் மேல் டிரான்சிஸ்டர் கீழ் டிரான்சிஸ்டரிடம் பாட்டை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு படி விழுகிறது. பெரிய அலையில் அது தெரியாது, சிறிய அலையில் அதுவே மிஞ்சும். டிரிம்மரைக் காவல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் வைத்திருந்ததால் அது விட்டுப்போனபோது பயஸ் இறங்கியது. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையில் வைத்திருந்தால் பயஸ் உச்சத்துக்கு ஏறி வெளியீட்டு ஜோடி போயிருக்கும். கட்டுகிறவர்கள் தங்கள் சர்க்யூட்டில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இதே ஆம்ப்ளிஃபயரில் மீட்டர் வயரின் கூர்முனை வழுக்கி ஒரு டிரான்சிஸ்டரை ஷார்ட் செய்தது. சப்ளையின் 35 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போனது. கூம்பு ஒரே துள்ளலில் வெளியே வந்து நின்றது. அரக்கு கருகும் வாசனை. ஃபியூஸ் அதற்குப் பிறகுதான் போனது. நல்ல ஊஃபர். அந்த வாரமே வெளியீட்டில் நேர்மின்சாரம் வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும், யுபிசி1237 ஐசி வைத்த பாதுகாப்பு ரிலே போர்டு ஒன்றைச் சேர்த்தேன். இப்போது பிளஸ்-மைனஸ் சப்ளையில் ஓடும் என் ஆம்ப்ளிஃபயர் எதுவும் அது இல்லாமல் ஸ்பீக்கரைத் தொடுவதில்லை.

லின்ஸ்லி ஹுட் சர்க்யூட்டைப் பார்த்தாலே மனம் நிறையும்: ஒரு பக்கத்துக்கு நான்கு டிரான்சிஸ்டர்கள்தான். விலை வெப்பத்தில். 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஒரு பக்கத்துக்கு 32 வாட் சூடு, 10 வாட் ஒலிக்காக. ஹீட் சிங்க் மேல் உள்ளங்கையைச் சில நொடிகளுக்கு மேல் வைக்க முடியாது. அந்த 1.2 ஆம்பியர் ஓயாமல் இழுக்கப்படுவதால் 10,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில்கூடச் சுமார் 1 வோல்ட் அலை எழுகிறது. அதுவே வண்டாக இரைந்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட, சப்ளையின் அலையை வடிகட்டும் கெபாசிட்டன்ஸ் மல்டிப்ளையரை இடையில் வைத்ததும் அடங்கியது. கெபாசிட்டர்களை ஹீட் சிங்க்கிலிருந்து தள்ளி மாற்றினேன்; இந்த எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் இதை எடுப்பதே இல்லை.

டிபிஏ3116 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் மேசைமேல் ஓடுகிறது, கை வைத்தால் வெதுவெதுப்புதான். காதை ஒட்டினால் ஒரு மெல்லிய இரைச்சல். நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்காது. ஸ்பீக்கரின் மைனஸ் முனை இதில் கிரவுண்ட் இல்லை. அதை எதோடும் பொதுவாக இணைத்துவிடக்கூடாது.

ஒப்பீட்டுக்கு வருகிறேன். முதல் சில வருடங்கள் கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்தான் மற்ற எல்லாவற்றையும்விட உயிரோட்டமானது என்று உறுதியாக நம்பினேன், பலரிடம் சொல்லவும் செய்தேன். அதன் பெருக்கம் 33 மடங்கு. எல்எம்3886-இன் பெருக்கம் 21. ஒரே குமிழ் நிலையில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் 4 டெசிபல் அதிகமாகப் பாடியிருக்கிறது. காது அந்தச் சிறு உரப்பைத் தெளிவு என்றும் ஆழம் என்றும் எடுத்துக்கொள்ளும். எனவே முறையாகச் செய்தேன். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, இரண்டும் 2.00 வோல்ட்டுக்கு வரும்வரை சரிசெய்தேன். 1 சதவீத வேறுபாடு என்றால் 0.1 டெசிபலுக்குள். ரிலே வைத்த மாற்றுப்பெட்டி ஒன்றைக் கட்டினேன். கிளாஸ் டி-க்காக இரண்டு வயர்களையுமே மாற்றும் வகை. தம்பி அடுத்த அறையில் நாணயத்தைச் சுண்டி மாற்ற, நான் தாளில் எழுதினேன்.

எல்எம்3886-க்கும் டிரான்சிஸ்டருக்கும் 16 முறையில் 9 சரி. கிளாஸ் ஏ-க்கும் எல்எம்3886-க்கும் 10. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அந்த அளவு வரும். டிடிஏ2030-ஐ மட்டும் 4 ஓம் ஸ்பீக்கரில், மிருதங்கம் வேகமெடுக்கும் இடங்களில், ஒவ்வொரு முறையும் பிடித்தேன். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் அதன் தலை தட்டையாகத் தெரிந்தது. சப்ளை போதவில்லை. ஒலியளவைக் குறைத்ததும் அதுவும் மற்றவற்றோடு கலந்துவிட்டது. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் தாளில் இருப்பது என் கையெழுத்து.

ஆண்டுகள் போகப்போகப் பழுதானவை வேறு இடங்களில் இருந்தன. வால்யூம் பொட்டன்ஷியோமீட்டர் இரண்டு முறை கரகரத்தது. எல்எம்3886-இல் குறைந்த ஒலியில் வலது பக்கம் மங்கும், உரக்க வைத்தால் திரும்பி வரும். ரிலேயின் தொடுமுனை கறுத்ததன் அடையாளம் அது. புது ரிலே போட்டாயிற்று. பாட்டைப் பெருக்கும் ஐசியோ டிரான்சிஸ்டரோ தானாகப் பழுதானது இதுவரை ஒன்றுகூட இல்லை.

கூடத்தில் இப்போது எல்எம்3886 இருக்கிறது. குளிர்ந்த இரவுகளில் கிளாஸ் ஏ. டிடிஏ2030-ஐத் தம்பி வாங்கிக்கொண்டு போனான். போன வாரம் பேசும்போது, வலது பக்கம் லேசாக இரைகிறது, ஐசியை மாற்றவேண்டுமா என்று கேட்டான். வரும்போது டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.