ரத்த ஊசியில ஜவ்வு ஒட்டும்னு 36,000 ரூபாய் கட்டினேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. போன ஐப்பசி மழையில ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு ஒண்ணுல வண்டி வழுக்குச்சு. விழாம இருக்க வலது காலை ஊன்றினேன். கால் அங்கேயே நிக்க உடம்பு திரும்பிருச்சு. முட்டிக்குள்ள 'டப்'புனு சத்தம். ராத்திரி பேண்ட்டைக் கழட்ட முடியாத அளவுக்கு வீக்கம்.

எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லை. (அதுல எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது.) எம்ஆர்ஐ எடுத்துக்கிட்டு, செல்போன்ல விளம்பரம் பார்த்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். பேர் வேண்டாம். அங்க இருந்தவர் ரிப்போர்ட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. "ஆபரேஷனே வேண்டாம் தம்பி. உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி ஊசியா போட்டா ஜவ்வு தானா ஒட்டிக்கும்." பிஆர்பியாம். மூணு ஊசி. பில்லுல 'சிகிச்சைக் கட்டணம்'னு ஒத்தை வரி. பிசியோதெரபி பத்திப் பேச்சே இல்லை.

வலி குறைஞ்சுது. அதுலதான் ஏமாந்தேன், வீக்கம் வடிஞ்சா வலி எப்படியும் குறையுமாம். ஆனா படி இறங்கும்போதெல்லாம் முட்டி நழுவும். ஒருநாள் பட்டறையில சம்மணத்துல இருந்து எந்திரிச்சா கால் நீட்டவே வரலை, பூட்டு போட்ட மாதிரி நின்னுடுச்சு. பக்கத்துல கொலுசுக்குப் பொடி வச்சு ஊதி ஒட்டிட்டிருந்த அண்ணன்தான் ஆட்டோவில தூக்கிப் போட்டாரு.

பெரியாஸ்பத்திரி டாக்டர் முட்டியை லேசா மடக்கி, கெண்டைக்காலை முன்னால இழுத்தாரு. தடுப்பு போன டிராயர் மாதிரி வந்துச்சு. "ஏசிஎல், அதான் முட்டி நடுவுல குறுக்கா ஓடுற முன்பக்க ஜவ்வு, முழுசா அறுந்திருக்கு. ரிப்போர்ட்ல கடைசி வரியிலேயே இருக்கே, யாரும் சொல்லலையா?"

அவர் சொன்னதுதான் நான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டியது. உள்பக்க ஜவ்வு கிழிஞ்சா பெரும்பாலும் பெல்ட்டும் பயிற்சியுமே போதும். ஏசிஎல் அறுந்தாலும் எல்லாருக்கும் கத்தி இல்லை. வீக்கத்தை இறக்கி, தொடைச் சதையைத் தேத்தி, அப்பவும் முட்டி நழுவுதான்னு பார்த்து முடிவு பண்ணலாம். ஆபரேஷன்னா சொந்தத் தசைநார்ல இருந்தே எடுத்து புதுசா வைப்பாங்க. ஓடியாடி விளையாட 9 மாசமாவது ஆகும். நான் நழுவ நழுவ நடந்ததுல, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் கிழிஞ்சு உள்ளே மாட்டிக்கிச்சு. அதனால எனக்கு ஆபரேஷனை விட்டா வேற வழியில்லாம போச்சு.

எம்ஆர்ஐ ரிப்போர்ட் கையில இருந்தா, எந்த ஜவ்வு, பாதியா முழுசான்னு வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. சொல்லாத இடத்துல பணம் கட்டாதீங்க.

காசைத் திருப்பிக் கேட்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்காம், எனக்காகத் தள்ளுபடி தர்றாங்களாம்.