மாமாவின் காசா, கொழும்பு முதலீடா, சொந்த உழைப்பா: யாழ்ப்பாணத்து ஸ்டார்ட்அப்புக்கு எது எப்போது?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மென்பொருள் கொம்பனி தொடங்குபவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுத்து, அந்த வருமானத்தில் சொந்தப் பொருளை வளர்க்கலாம். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரிடம் காசு வாங்கலாம். கொழும்பு முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கலாம். வங்கிக் கடனை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஈடு வைக்கக் காணி இல்லாத இளம் ஆட்களுக்கு அது கிடைப்பதே கஷ்டம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாகக் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆசையும் விட்டுப்போயிருக்கும்.

மூன்றில் எது நல்லது என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. கொம்பனி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வரிசை மாறும்.

பலசரக்குக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் அவர்களுக்குக் காசைவிட, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பதுதான் தேவை. உட்கார்ந்தால்தான் கடன் கொப்பி கண்ணில் படும். அதில் வாடிக்கையாளரின் பெயரோ போன் நம்பரோ இருக்காது. ‘சந்தி வீட்டு அக்கா 2,400’, ‘ரீச்சர் பழைய பாக்கி’ என்றுதான் எழுதியிருக்கும். போன் நம்பர் இல்லாமல் ஆளைச் சேர்க்க விடாத மென்பொருளை முதலாளி இரண்டாம் நாளே மூடிவைத்துவிடுவார்.

இந்தக் கட்டத்தில் மாமாவின் காசு உதவியைவிட உபத்திரவம்தான் அதிகம். காசு அனுப்பியவர் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்து, “தம்பி, அப் எப்ப வரும்?” என்று கேட்பார். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவருக்குக் காட்டுவதற்காகவே இரண்டு பேரும் கடையை விட்டுவிட்டுத் திரையை அழகாக்கத் தொடங்குவார்கள். கொழும்பு முதலீட்டாளர் இப்போது வரவே மாட்டார். வந்தாலும் பெறுமதி குறைவாகத்தான் பேசுவார். ஆக, இங்கே முதலிடம் சொந்த உழைப்புக்கு. யாழ் ஐ.டி. ஹப் நடத்தும் யாழ் கீக் சலஞ்ச் மாதிரியான போட்டிகளுக்குப் போவதும் நல்லது. பரிசைவிட, முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் ஆட்கள் அங்கே கிடைப்பார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு இன்னொரு பலம், டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய்ப் பக்கம் போனது. ரூபாயில் பில் போட்டவர்கள் திண்டாடியபோது டொலரில் போட்டவர்கள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே வழிதான் இரண்டாம் கட்டத்தில் காலை வாரும். ரொறொன்ரோக்காரர் காலை ஒன்பதுக்கு ஒஃபிஸ் வரும்போது இங்கே மாலை ஆறரை, அவர்களின் குளிர்காலத்தில் ஏழரை. அவருடைய அவசரம் உங்கள் இரவைத் தின்னும், அடுத்த நாள் சொந்தப் பொருளுக்கு மூளை ஓடாது. மாதாமாதம் துரத்தாமலே பணம் கட்டும் கடைகள் கொஞ்சம் சேர்ந்ததும், ஒருவரை முழுநேரமாகப் பொருளில் வைக்க வேண்டும். அவருடைய சம்பளத்துக்குத்தான் இப்போது வெளிக்காசு. சம்பளத்தோடு முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போகும். அதை மறந்து கணக்குப் போட்டால் துண்டு விழும்.

மாமாவைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். ஆனால் “பிறகு பார்ப்பம்” என்று காசு வாங்குவதுதான் எங்கள் ஊரில் மிக விலை கூடிய முதலீடு. கடனா, பங்கா, அன்பளிப்பா? மூன்றும் மூன்று விதம். பங்கு என்றால், வெளிநாட்டில் வாழ்பவரின் காசு இங்கே உள்ள வங்கியில் அவர் பெயரில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். அப்போதுதான் நாளை இலாபத்தையோ விற்ற பணத்தையோ சிக்கலில்லாமல் வெளியே எடுக்கலாம். வங்கியைத் தொடாமல் உண்டியலில் வந்த காசை எந்த வக்கீலாலும் பிறகு பங்குக் காசாக மாற்ற முடியாது.

எவ்வளவு பங்கு என்பதும் முக்கியம். தொடக்கத்திலேயே மாமாவுக்கு 30 சதவீதம் கொடுத்தால் இருவருக்கும் மிச்சம் 70. பிறகு இரண்டு சுற்று முதலீட்டில் ஒவ்வொரு தடவையும் எல்லோர் பங்கிலும் 20 சதவீதம் போனால் அது 44.8 ஆகும். ஆளுக்கு 22.4, மாமாவுக்கு 19.2. இரவு பகலாக வேலை செய்பவரும் ஒரு தடவை காசு அனுப்பியவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும் கொம்பனியைப் பார்த்து முதலீட்டாளர் முகம் சுளிப்பார்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கதைக்காத விஷயம்: விசா. இருவரில் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய்விட்டால் அவருடைய பாதி என்னாகும்? நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகப் பங்கு உரித்தாகும், முதல் வருடம் முடியுமுன் போனால் எதுவும் இல்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்வது உலக வழக்கம். இங்கே நட்பு கெட்டுவிடும் என்று தவிர்க்கிறார்கள். எழுதாததால் கெட்ட நட்புகள்தான் அதிகம் என்பேன்.

மூன்றாம் கட்டம், முதலாளியை உங்களுக்கு நேரில் தெரியாத வவுனியா, திருகோணமலைக் கடைகளும் சேரத் தொடங்கும் நேரம். இப்போதுதான் கொழும்பு முதலீடு முந்துகிறது. அதுவும் வேகம் உண்மையிலேயே வேண்டும் என்றால் மட்டும். 1996இல் தொடங்கிய, சென்னையின் மென்பொருள் கொம்பனியான ஸோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீடு வாங்கி 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் போனது. இரண்டு பாதையும் ஓடும். முதலீட்டுப் பாதையில் நிபந்தனைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். 20 சதவீதத்துக்கு 2 கோடி போட்டவர், விற்கும்போது போட்ட காசை முதலில் எடுக்கும் உரிமை கேட்டிருந்தால், கொம்பனி 5 கோடிக்கு விலைபோகும்போது 1 கோடி அல்ல, 2 கோடி எடுப்பார். 10 கோடியைத் தாண்டினால்தான் அவருக்குச் சதவீதக் கணக்கு இலாபம்.

என்னுடைய தெரிவு: முதல் கட்டத்துக்கு வெளிநாட்டு வேலை, இரண்டாவதுக்கு மாமா, ஆனால் 10 சதவீதத்துக்குள், எழுத்தில். மூன்றாவதில் கொழும்புக்குப் போவதற்கு முன், வழங்கிய பங்குகள் எல்லாவற்றுக்கும் கம்பனிப் பதிவாளரிடம் படிவம் 6 போயிருக்கிறதா என்று கொம்பனிச் செயலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளரின் வக்கீல் பங்குப் பதிவேட்டில்தான் தொடங்குவார்.