சந்தா மேடையா, சொந்தக் கோப்பா?

கொழும்பில் இருந்து பாட்டும் பொட்காஸ்ட்டும் கேட்பவருக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபை போன்றதொரு மேடைக்கு மாதச் சந்தா கட்டலாம். அல்லது பொட்காஸ்ட்டுகளை எந்த மேடையையும் சாராத அன்டெனாபொட் போன்ற திறந்த செயலியில் கேட்டு, இசையை பான்ட்காம்ப் போன்ற தளத்தில் கோப்பாக விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே தெரிவுசெய்தவன். ஆகவே என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

வசதியில் சந்தாவே முந்தும். ஒலித்தரத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் இரைச்சலில், சாதாரண இயர்ஃபோனில் இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: நிறுவனம் மனம் மாறும்போது நம் கையில் என்ன மிஞ்சும்? கூகுள் தன் பொட்காஸ்ட் செயலியை 2024இல் மூடியபோது, அதில் நான் பின்தொடர்ந்த நிகழ்ச்சிகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது. திறந்து பார்த்தால் அது வெறும் எழுத்துக் கோப்புத்தான். வரிக்கு ஒரு நிகழ்ச்சியின் பெயரும் அதன் ஆர்எஸ்எஸ் முகவரியும், அதாவது புதிய பகுதிகளை எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொது இணைய முகவரியும். அதை அன்டெனாபொட்டில் ஏற்றியதும் எல்லா நிகழ்ச்சிகளும் வந்து சேர்ந்தன. அந்த முகவரிகள் கூகுளுக்குச் சொந்தமானவையாக இல்லாததால்தான் இது சாத்தியமாயிற்று. மேடைக்குள் மட்டும் வெளியாகும் நிகழ்ச்சிக்கு இப்படியொரு பொது முகவரியே கிடையாது. அமெரிக்கப் பொட்காஸ்ட் தொகுப்பாளர் ஜோ ரோகனின் நிகழ்ச்சியை 2020இல் ஒப்பந்தம் செய்து தனக்கு மட்டும் உரியதாக்கிய ஸ்பொட்டிஃபை, 2024இல் புதிய ஒப்பந்தத்தோடு அதை மற்றத் தளங்களுக்கும் திறந்துவிட்டது. இரண்டு முடிவிலும் கேட்பவரை யாரும் கேட்கவில்லை.

கருவிகளின் கதையும் இதுவே. அமெரிக்காவில் காருக்கென்று ஸ்பொட்டிஃபை விற்ற கார் திங் என்னும் சிறு கருவியின் உற்பத்தி 2022இல் நின்றது. 2024 டிசம்பரில், விற்ற கருவிகளும் பழுதின்றியே செயலிழக்கச் செய்யப்பட்டன. சந்தாவில் தரவிறக்கிய பாட்டுக்கும் நிபந்தனை உண்டு: 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் அது ஒலிக்காது. வாங்கிய எம்பி3 கோப்போ மெமரி கார்டில் கிடக்கும், எந்தச் செயலியிலும் ஒலிக்கும்.

பான்ட்காம்ப் மட்டும் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் அதை வாங்கியது, 2023இல் இசை உரிம நிறுவனமான சொங்ட்ரேடருக்கு விற்றது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தனர். எனினும் முன்பு வாங்கிய கோப்புகளுக்கு எதுவும் நேரவில்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் தளம் அது. ஸ்பொட்டிஃபையிலோ, 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே இல்லை. ஆனால் நம்மூர்க் கலைஞருக்கு பான்ட்காம்ப்பிலும் ஒரு சிக்கல்: அது பேபால் என்னும் இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் கொடுக்கிறது, பேபாலோ இலங்கையில் பணம் அனுப்பவே நீண்டகாலமாக இடமளித்து வந்ததே தவிர பெற அல்ல. (வங்கி அட்டையால் நாம் வாங்கலாம், நம்மவர் விற்பதுதான் கடினம்.)

தமிழ்த் திரைப்பாடல்தான் உங்கள் முதன்மைத் தேவை என்றால் பான்ட்காம்ப்பில் தேடுவது பெரும்பாலும் வீண். அதற்குச் சந்தாவே பொருத்தம், வீட்டில் பலர் கேட்பதாக இருந்தால் குடும்பச் சந்தா. அப்போதும் பொட்காஸ்ட்டுகளை அதே மேடைக்குள் கொண்டுபோகாமல் திறந்த செயலியிலேயே வைத்திருங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை. நான் சொல்வதெல்லாம் அன்ட்ரொயிட் பாவனையை வைத்து. ஐபோனில் பழகியதில்லை, அன்டெனாபொட்டும் அங்கே கிடையாது. எந்தச் செயலியை எடுத்தாலும் அமைப்புகளுக்குள் போய் ஓபிஎம்எல் ஏற்றுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.