பத்து இலக்க எண்ணைப் பிரித்துக் காட்டுமா கேசியோ எஃப்எக்ஸ்-82 இசட்ஏ பிளஸ்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் பலரின் பையில் இந்தக் கால்குலேட்டர் இருக்கும். சைன், காஸ் போடுவதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். பெரிய முழு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கவும் இதில் வழி உண்டு. அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

எண்ணை அடித்து முதலில் சமக்குறியை அழுத்துங்கள். விடை திரையில் நின்ற பிறகு ஷிஃப்ட், அடுத்து பாகை-நிமிடம்-வினாடி பட்டன்; அதற்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஃபேக்ட்’ என்று இருக்கும். சமக்குறியை விட்டுவிட்டால் வேலை செய்யாது. மைனஸ் எண், பின்னம், தசமம் எதையும் பிரிக்காது.

9876543210 கொடுத்தால் 2×3²×5×17²×379721 என்று சுத்தமாக வருகிறது. 1234567890 கொடுத்தால் வருவது 2×3²×5×(13717421). அந்த அடைப்புக்குறியில்தான் பிள்ளைகள் ஏமாறுவார்கள். உள்ளே இருப்பது பகா எண் என்று அதற்கு அர்த்தமில்லை. இதற்கு மேல் முடியாது என்று மெஷின் கையை விரிக்கிறது, அவ்வளவுதான். 13717421 என்பது 3607×3803.

மூன்று இலக்கப் பகா எண்கள் வரை, அதாவது 997 வரைதான் இது வகுத்துப் பார்க்கும். அடுத்த பகா எண் 1009, அதன் வர்க்கம் 1018081. மிஞ்சியது அதைவிடச் சிறியதென்றால் பகா எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும், அதனால் குறி இல்லாமல் காட்டிவிடும். 379721 அப்படி வந்ததுதான். 1018081-ஐ எட்டிவிட்டால் அடைப்புக்குறி விழும்.

விழுந்தால் முதலில் வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். 4104676-க்கு 2²×(1026169) என்று காட்டும். 1026169-இன் வர்க்கமூலம் சரியாக 1013. ஒரே தட்டில் முடிந்தது.

எல்லா எண்ணும் இப்படிப் படியாது. 4294967297, அதாவது 2³²+1, பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா கருதியிருந்தார். 641 அதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் காட்டினார். இந்தக் கால்குலேட்டரும் 641×(6700417) என்று நொடியில் சொல்லிவிடும். ஆனால் 6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-க்குக் கொஞ்சம் மேலே. 1009 தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை: இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 1000-க்கும் 2588-க்கும் நடுவே அப்படிப்பட்ட பகா எண்கள் 1153, 1409 இரண்டுதான். முதலதால் வகுத்தால் மீதி 334, மற்றதால் 622. ஆக, பகா எண்ணேதான்.

பதினொரு இலக்கம் ஆனால் ஃபேக்ட் பயன்படாது. ஆனாலும் உள்ளே 15 இலக்கம் வரை கணக்கு ஓடுகிறது. 2⁴⁰ போட்டால் 1.099511628×10¹² என்று சுருக்கிக் காட்டும்; அந்த விடையிலிருந்து 1099511×10⁶-ஐக் கழித்தால் ஒளிந்திருந்த 627776 வெளியே வரும். 2⁵⁰-க்கு 16 இலக்கம் என்பதால் இந்தத் தந்திரம் கடைசி இலக்கத்தில் கவிழ்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பு மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொது வகுத்திக் கணக்குகளைச் சரிபார்க்க இது தாராளம். புரோகிராம், வரைபட வசதி இல்லாததால் மெட்ரிக் எனும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு அறைக்குள்ளும் கொண்டுபோகலாம். வழிமுறையை மட்டும் கையால் எழுத வேண்டும்; வெறும் விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எண் கோட்பாட்டில் இறங்கிவிட்ட பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மாடல் வாங்கிக் காசைக் கரைப்பதைவிட, வீட்டுக் கம்ப்யூட்டரில் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் போட்டுக் கொடுப்பது மேல்.