உள்ளே எல்லாம் தெரியும் டைப்ரைட்டர்: சிறை எழுத்தாளருக்கு ஸ்வின்டெக் எப்படி?

அமெரிக்காவில் ஆயுள் தண்டனையோ அதற்கு நிகரான நீண்ட தண்டனையோ அனுபவிப்பவர்கள் 2024 கணக்கில் கிட்டத்தட்ட 2 லட்சம். சிறையில் இருக்கும் 6 பேரில் ஒருவர். அவர்களில் எழுத உட்காருகிறவருக்குப் பெரும்பாலும் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. பல மாநிலச் சிறைகளில் காசு கொடுத்து வாங்க முடிவது, ஸ்வின்டெக் நிறுவனம் சிறைகளுக்கென்றே செய்யும் எலெக்ட்ரானிக் டைப்ரைட்டர். மூடி, அடித்தட்டு எல்லாமே நிறமில்லாத பிளாஸ்டிக். உள்ளே பிளேடையோ பொட்டலத்தையோ ஒளித்தால் காவலர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டனில் லோயர் பாஸ் செய்த பழக்கம் விரலுக்கு உதவும், மெஷினைப் பராமரிக்க உதவாது. இதில் எழுத்துக் கம்பிகள் இல்லை. சாமந்தி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சக்கரம், இதழுக்கு ஓர் எழுத்து. சக்கரம் சுழன்று எழுத்து நேரே வந்ததும் சின்னச் சுத்தியல் தட்டும். கழற்றும்போது நடுக்குமிழைப் பிடிக்க வேண்டும். இதழைப் பிடித்தால் ஒடியும். ஒடிந்தது ‘e’ என்றால் ஆங்கிலத்தில் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். உபரிச் சக்கரம் ஒன்று கட்டாயம்.

செலவு வைப்பது ரிப்பன். துணி ரிப்பன் போல மங்கும்வரை முன்னும் பின்னும் ஓடாது. அழிக்கக்கூடிய ஃபிலிம் ரிப்பன் ஒரே திசையில், ஒரே முறை. அதற்கு எழுத்தை உரித்தெடுக்கும் திருத்த டேப்தான் பொருந்தும். பலமுறை அடிபடும் வகை ரிப்பன் நெடுநாள் வரும். ஆனால் அதன் மை தாளில் ஊறிவிடும், மேலே வெள்ளை பூசும் டேப்தான் வேலை செய்யும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்பவர்களே அதிகம். வைட்னர் பல சிறைகளில் தடை என்பதால் இந்தத் தவறு பெரிதாகவே வலிக்கும். வரைவுக்குப் பலமுறை ரிப்பன், அனுப்பும் பிரதிக்கு அழிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வது சிக்கனம்.

நினைவகம் உள்ள மாடலும் உண்டு. நாங்கள் சாதா மாடலைத்தான் சொல்வோம். நினைவக அளவுக்குச் சிறைக்குச் சிறை விதி மாறும். இடமாற்றத்தில் மெஷினே பறிபோகலாம்.

அமெரிக்க மத்திய அரசு நடத்தும் ஃபெடரல் சிறைகளில் மெஷின் சட்ட நூலகத்தில் இருக்கும். ரிப்பனும் சக்கரமும் கைதியின் செலவு. சாதாரண வேலைக்கு அங்கே கூலி மணிக்கு 12 முதல் 40 சென்ட். மின்னஞ்சல் வசதி நிமிடத்துக்கு 5 சென்ட், ஒரு மடலுக்கு 13,000 எழுத்து வரம்பு. ஒரு மணி நேரம் திரைமுன் யோசித்து எழுதினால் 3 டாலர். அடிமட்டக் கூலிக்காரருக்கு 25 மணி நேர உழைப்பு. டைப்ரைட்டர் முன்னால் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தாலும் காசு ஓடாது.

அங்குலத்துக்கு 10 எழுத்து, இரட்டை இடைவெளி என்றால் பக்கத்துக்கு சுமார் 250 சொல். உறையோடு 4 தாள் ஒரு அவுன்ஸுக்குள் அடங்கும், ஒரு ஸ்டாம்ப் போதும். வரைவை அங்குலத்துக்கு 12 எழுத்து அளவில், ஒற்றை இடைவெளியில் அடித்தால் தாள் மிச்சம். அனுமதி இருந்தால் கார்பன் வைத்தே அடியுங்கள். வெளியே போன பிரதி திரும்பி வரும் என்று நம்ப முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், முதல் கதைக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டோம். எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்காவின் சிறை எழுத்துத் திட்டம் 1971-லிருந்து நடக்கிறது. அதன் ஆண்டுப் போட்டி கையெழுத்துப் பிரதியையும் ஏற்கும். விடுதலைத் தேதியே இல்லாதவருக்கு ஆண்டுக்கொரு கடைசித் தேதி கிடைப்பது சின்ன விஷயமில்லை. நியூயார்க்கில் ஆயுள்வரை நீளக்கூடிய தண்டனையில் இருக்கும் ஜான் ஜே. லென்னன் அட்டிகா சிறையின் எழுத்துப் பட்டறையில் கற்று, தேசியப் பத்திரிகைகளில் எழுதுபவரானார். இரண்டு மூன்று கதை கையால் முடித்தவர் மெஷினுக்குச் சேமிக்கலாம்.

வாங்கியவர் இடமாற்ற உத்தரவு வந்தால் முதலில் செய்ய வேண்டியது: சக்கரத்தைக் கழற்றித் தனியே சுற்றுங்கள், நகரும் பாகத்தின் இருபுறமும் மடித்த அட்டையைச் செருகுங்கள்.