தங்கையின் ஐந்தாம் மாத ஸ்கேனும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் திருநெல்வேலி போயிருந்தேன். போன நாலாம் நாளே தங்கைக்கு அனாமலி ஸ்கேன், அதாவது குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். 20 வாரம். துணைக்கு நான் போனேன்.

காலையிலேயே டோக்கன் வாங்கிவிட்டோம். குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்ற படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்; 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது அது. அதுவரை எல்லாம் ஒழுங்கு. ஸ்கேன் செய்த டாக்டர்தான் வாயே திறக்கவில்லை. கவரில் வந்த ரிப்போர்ட்டில், இதயத்தின் இடது கீழறையில் 'எக்கோஜெனிக் ஃபோகஸ்' (ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் புள்ளி), 'ஃபீட்டல் எக்கோ' (கருவிலுள்ள குழந்தையின் இதய ஸ்கேன்) பார்க்கவும் என்று இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவளுடைய டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

"அக்கா, இதயத்துல ஓட்டையாக்கா?" என்று இரவு முழுக்கக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா சாப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை, கருவிலுள்ள குழந்தைகளையே பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் திரையைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தார். நாலு அறைகள், வால்வுகள், இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்புறம் அந்தப் புள்ளி. "எலும்பு மாதிரி வெள்ளையா மின்னுது பாருங்கம்மா. வால்வைப் பிடிச்சிருக்கிற சின்னத் தசையில கொஞ்சம் கால்சியம், அவ்வளவுதான். ஓட்டை இல்லை. இதயம் நல்லா வேலை செய்யுது" என்றார். நம்மைப் போன்ற ஆசியக் குழந்தைகளிடம் இது கூடுதலாகவே தெரியுமாம். டவுன் சின்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாட்டுடன் லேசான தொடர்பு உண்டு என்பதால் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். ஆபத்து குறைவு என்று அதில் இருந்தது; வேறு குறையும் எதுவும் இல்லை. வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். தங்கை அங்கேயே அழுதுவிட்டாள்.

இங்கிலாந்தில் இதற்கு 'கோல்ஃப் பந்து' என்று பெயர். வேறு குறை இல்லாமல் இது மட்டும் இருந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாம் என்று அங்கே 2009-லேயே முடிவு செய்துவிட்டார்கள். ஊரில் இதை ரிப்போர்ட்டில் எழுதுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எழுதினால், அந்தப் பெண்ணிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு அனுப்ப வேண்டும். அந்த மூன்று ராத்திரிகளை அவளுக்குக் கொடுத்திருக்கவே கூடாது.

ஊருக்குப் போய் யாரையாவது இந்த ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறவர்கள் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.