போர்ட் ஃபார்வர்டிங்கா, கிளவுட்ஃபிளேர் டனலா?

வீட்டு சர்வரில் ஓடும் தளத்தை வெளியிலிருந்து திறக்கணும் என்றால் இரண்டு வழி: வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டரே சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங், அல்லது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர்கள் வழியாகப் போகும் டனல். முதலில் ரவுட்டரின் WAN ஐபியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (CGNAT, பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள், ரவுட்டரில் என்ன விதி எழுதினாலும் ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) வழியாக எதுவும் வந்து சேராது, டனல் பக்கம் போய்விடுங்கள்.

பொது ஐபி இருந்தால் என் ஓட்டு போர்ட் ஃபார்வர்டிங்குக்குத்தான். சர்வருக்கு மாறாத உள் ஐபி ஒதுக்கி, இணையதளங்களுக்கான 80, 443 போர்ட்கள் இரண்டையும் அதற்குத் திருப்பினால் சரி, இடையில் யாரும் இல்லை. வெளி ஐபி மாறினால், மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டிடிஎன்எஸ் (DDNS) வேண்டும், அப்புறம் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓயாமல் துழாவும், அப்டேட்டில் சோம்பல் கூடாது.

டனலில் சர்வரே கிளவுட்ஃபிளேருக்கு இணைப்பைத் தொடங்குவதால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், வீட்டு ஐபியும் மறைந்திருக்கும். ஆனால் குறியாக்கம் கிளவுட்ஃபிளேரிடம் அவிழ்கிறது, அதாவது உங்கள் தரவை அவர்களால் பார்க்க முடியும். இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் ஏற்றவும் முடியாது, வீடியோ சேமிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.